உழிஞை

போன வாரமே தொலைபேசியில் சொல்லியிருந்தேன்.
"சக்கர நாற்காலியா? தாராளமாக வாருங்கள்,
தரைத்தளம் முழுக்க உங்களுக்குத்தான்"
என்றது ஒரு குரல்,
ஊரையே எழுதிக்கொடுப்பதுபோல.

நார்தம்பர்லாந்து, ஏப்ரல்.
பெய்வதா வேண்டாமா என்று
முடிவெடுக்காத ஒரு தூறல்.
சீட்டுக் கூண்டில் எனக்குப் பதினான்கு பவுண்டு,
துணைக்கு வருபவருக்கு இலவசம்.
கல்யாணத்தில் கிடைத்த ஒரே லாபம் என்பான் பரிதி
ஒவ்வொரு முறையும்.
நானும் சிரிப்பேன்,
ஒவ்வொரு முறையும் அல்ல.

பெரிய வாசலில் பதினோரு படி.
எழுநூறு வருடப் படி, கைவைக்கக் கூடாதாம்.
அதன் தேய்மானத்துக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு.
என் மூட்டுத் தேய்மானத்துக்கு
காலையில் ஒன்று, இரவில் இரண்டு.

பின்பக்கம் போனோம்.
குப்பைத்தொட்டிகள், எரிவாயு உருளைகள்,
என் கைக்கு எட்டாத உயரத்தில் ஓர் அழைப்புமணி.
ஆறு நிமிடம் நனைந்த பிறகு
எல்ஸ்பெத் என்ற பெண் வந்து
மடக்குப் பலகையை விரித்துச் சரிவாக்கினாள்.
அந்தக் காலத்தில் நிலக்கரியும் பன்றிக்கறியும்
வந்த வழி இது என்றாள் பெருமையாக.
பலகை கனம், அவளுக்கு மூச்சு வாங்கியது.
அவளிடம் எப்படிக் கோபப்படுவது?
கட்டியவனும் செத்துவிட்டான்.

உள்ளே ஒரு கூடம், ஒரு சமையலறை,
மாடிக்குப் பதிலாக ஓர் ஆல்பம்.
நான்காம் பக்கம் பிரபுவின் கட்டில்.
ஒன்பதாம் பக்கம் கோபுர உச்சி, வானம்,
வானத்தில் யாரோ ஒரு பிள்ளையின்
ஜாம் விரல்.

இந்தக் கோட்டை எப்போதாவது விழுந்ததா என்று கேட்டேன்.
"ஒருமுறைகூட இல்லை" என்றாள் எல்ஸ்பெத்.
அம்புத்துளைகளில் இப்போது புறா.
பள்ளிக்கூடமே ஐஸ்கிரீமோடு மதிலேறுகிறது.
இன்னமும் அது தடுத்துக்கொண்டிருக்கும்
ஒரே படை நான்தான்.

மதிலை முற்றுகையிடுபவர் சூடும் பூ உழிஞை.
பிளஸ் டூவில் ஒரு மதிப்பெண்.
உழிஞை என்றால் முடக்கத்தான் என்று
பிறகுதான் எங்கோ படித்தேன்.
திருச்செங்கோட்டிலிருந்து நாத்தனார் பொடித்தனுப்பும்
அதே முடக்கத்தான்.
முடக்கை அறுக்கும் என்று பெயர்.
அறுக்கவில்லை.
தோசை நன்றாக வந்தது.

பரிதியைக் கோபுரத்துக்கு அனுப்பினேன், போய்த் தொலை என்று.
வீடியோ வந்தது:
காற்று, அவன் மூச்சு, பாதிக் காகம்.

நான் தோட்டத்துக்கு உருண்டேன்.
வரைபடத்தில் அதற்கு நீலச் சக்கரம் போட்டிருந்தார்கள்.
தரையிலோ கூழாங்கல்,
அப்போதுதான் வாரி விட்டதுபோல் வழவழவென்று.
பத்தடி. முன்சக்கரங்கள் புதைந்தன.
முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை.
சிவப்பு மழைக்கோட்டில் ஒரு பையன் வந்து நின்று
"பேட்டரி தீர்ந்துவிட்டதா?" என்றான்.
"எனக்கா, நாற்காலிக்கா?"
யோசித்தான். பதில் சொல்லாமல் ஓடிவிட்டான்.

மாட்டிக்கொண்டவளுக்கு வேறு வேலையில்லை.
ரோஜாச் செடிகளில் இன்னும் முள் மட்டும்.
மதிலின் அடியில், மேலே போனவர் யாரும் பார்க்காத இடத்தில்,
ஒரு கல்லுக்கும் இன்னொரு கல்லுக்கும் நடுவே
பெயர் தெரியாத கொடி ஒன்று
தன்பாட்டில் ஏறிக்கொண்டிருந்தது.
முடக்கத்தான் இல்லை. இந்தக் குளிரில் எங்கே.
ஆனாலும் தூரத்துச் சொந்தம்போல்
கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டோம்.

பரிதி இறங்கி வந்து, திட்டிக்கொண்டே இழுத்தான்.
திரும்பிப் பார்த்தேன்:
சீப்பால் வாரிய அந்தக் கல்தரையில்
ஆழமாக இரண்டு சால்.
வென்ற மன்னன் பகைவன் கோட்டையைக்
கழுதை பூட்டி உழுவானாம்.
முதுகு பிடித்துக்கொண்டு நின்ற பரிதியிடம்
இதைச் சொல்லவில்லை.

கேட்ஸ்ஹெட் வீட்டுக்கு வந்ததும்
டயர்ப் பள்ளத்தில் கத்தி விட்டு நெம்பினேன்.
மூன்று கூழாங்கல்.
கழுவித் துடைத்து
முடக்கத்தான் டப்பா பக்கத்தில் வைத்தேன்.
என்ன இது என்றான்.

"கோட்டையில் கொஞ்சம்" என்றேன்.